மெம்பருக்கு முட்டி வலி

ஜூன் 9

சட்டசபையைக் கட்டி ஆளும் என் மெம்பர் அம்மாவுக்கு,

போன் போட்டா உன் உதவியாளர் எடுத்து, "யார் பேசறீங்க, என்ன குறை?"ன்னு கேக்கறார். பொண்டாட்டி வீட்ல இல்லைங்கறதுதான் குறைன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அதான் எழுதறேன்.

கடையில பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற நேரம், மூச்சு விட முடியலை. நேத்து நம்ம கட்சிக்காரங்க ரெண்டு பேர் கடுகடுன்னு வந்து நின்னாங்க. சின்ன ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரிகளை மூடற மசோதாவுக்கு ஓட்டெடுப்பாம். ஆதரிக்கிறவங்க எழுந்து நிக்கணுமாம். நம்ம கட்சியே எழுந்து நின்னப்ப நீ மட்டும் உக்காந்தே இருந்தியாம்! உன் சீட்டுக்கே ஆபத்துன்னு புரிஞ்சுபோச்சு. போன மாசம் முட்டி வலின்னு நீ முனகினது நல்லவேளையா ஞாபகம் வந்தது. "அவளால எழுந்திருக்கவே முடியாதுங்க, முட்டி தேஞ்சுபோச்சு"ன்னு அளந்துவிட்டேன். "அடப்பாவமே"ன்னு உருகிட்டாங்க. உன் சீட்டு தப்பிச்சது. எப்படி என் சாமர்த்தியம்?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தையல்காரன்

ஜூன் 13

என் சமத்துப் புருஷனுக்கு,

உங்க சாமர்த்தியத்துல இடி விழ! நான் வேணும்னேதாங்க உக்காந்தேன். மூடப்போற ஆஸ்பத்திரியில நம்ம ஊர் ஆஸ்பத்திரியும் ஒண்ணு. அதை மூடறதுக்கு நான் எழுந்து நிப்பேனா? உக்காந்திருந்தப்ப பயமாத்தான் இருந்தது. ஆனாலும் மனசுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம்.

கட்சிக்காரங்க உங்களைப் பாத்துட்டுப் போன மறுநாள், எங்க கட்சிக் கொறடா என் அறைக்கே வந்தார். தொலைஞ்சேன்னு நினைச்சா, கையில தைலம்! "சொல்லியிருந்தா தாங்கிப் பிடிச்சிருப்போமேம்மா, அடுத்த தடவையும் உங்களுக்குத்தான் சீட்டு"ன்னு சிரிக்கிறார். இந்த வேலைக்கு வந்ததுலேருந்து நான் சுயமா செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் வியாதின்னு ஆக்கிட்டீங்களே!

இன்னொண்ணு சொல்றேன், திட்டாதீங்க. அந்தத் தைலத்தை நான் வாங்கி வெச்சுக்கிட்டேன். வாயைத் திறக்கலை. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குங்க. சும்மா இருந்துட்டா சீட்டு நிச்சயம். என்ன செய்யட்டும்?

உங்கள் மெம்பர்

ஜூன் 17

என் கண்ணுக்கு,

தப்பு என்மேலதான். ஊரே உன் முட்டியை விசாரிக்குது. எனக்கு எங்கே மூஞ்சியை வெச்சுக்கறதுன்னு தெரியலை. நம்ம கடையில பட்டன் கட்டற பொண்ணுக்கு இது எட்டாம் மாசம். "அக்கா நமக்காகத்தான் உக்காந்தாங்கன்னு நினைச்சு அழுதுட்டேன்ணா, முட்டி வலியாமே?"ன்னா. ஊசி கையில குத்தினதுகூட எனக்குத் தெரியலை.

உண்மையைச் சொல்லுன்னு எழுதத்தான் நினைச்சேன். ஆனா சொன்னா சீட்டு போயிடும், நீ வீட்டுக்கு வந்துடுவ. தனியா சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போனவன் நான். நியாயத்துக்காகச் சொல்றேனா, எனக்காகச் சொல்றேனான்னு என் மேலேயே எனக்குச் சந்தேகமா இருக்கு. அதனால நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ எதைச் செஞ்சாலும் நீ என் பொண்டாட்டிதான்.

உன் தையல்காரன்

ஜூன் 21

என்னங்க,

இன்னிக்குக் கேள்வி நேரம் முடிஞ்சதும், தன்னிலை விளக்கம் தரணும்னு சபாநாயகர்கிட்ட அனுமதி கேட்டேன். உடம்பைப் பத்தித்தான் ஏதோ சொல்லப்போறேன்னு எல்லாரும் கனிவா பாத்தாங்க. "அன்னிக்கு எனக்கு ஒரு வலியும் இல்லை. அந்த மசோதா பிடிக்காமத்தான் எழுந்திருக்கலை"ன்னேன். எங்க கட்சிக்காரங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. எதிர்க்கட்சிக்காரங்க மேசையைத் தட்டோ தட்டுன்னு தட்டினாங்க. அதோட என் கதை முடிஞ்சுதுன்னு புரிஞ்சுபோச்சு. சாயங்காலமே கொறடா போன்ல சொல்லிட்டார், அடுத்த தடவை சீட்டு வேற யாருக்கோவாம்.

அறைக்கு வந்து ஓன்னு அழுதேங்க. ஆஸ்பத்திரியும் மூடத்தான் போறாங்க, ஒண்ணும் மாறலை. ஆனா அந்தப் பொண்ணு முகத்தை இனி நேராப் பாக்கலாம்.

சனிக்கிழமை காலை வண்டியில வரேன். நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்க. உங்களைப் பாக்கணும் போல இருக்கு. கட்சிக்காரங்களும் வருவாங்க, கோவமா நாலு கேள்வி கேப்பாங்க. கேக்கட்டும். நீங்க என் பையை வாங்கிக்கிட்டுப் பக்கத்துல நின்னா போதும். பதில் நான் சொல்லிக்கறேன்.

உங்கள் மெம்பர்