உள்ளே போகும்போதெல்லாம் திட்டுகிறாய்

உன் மகளுடைய லேப்டாப்பைத் திறந்தாலே இப்போது மல்லித்தூள் வாசனை வருகிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தான் நம் மசாலா மில்லுக்கு வந்தது, பாவம் அது. "சின்னம்மா, ஆபீஸ்ல இதத் தொறந்தா பக்கத்துல உள்ளவங்களுக்குப் பசிக்குதாம்" என்று என்னிடம் குறைப்படுகிறாள். இன்றைக்கும் மூடியைத் தூக்கியதும் அந்த வாசனை. உடனே உன் நினைப்பு. நாலாம் வகுப்பு படித்தவள் எழுதுகிற கடுதாசி, அடியே, பிழை இருந்தால் சிரித்துக்கொள். திருத்தத்தான் நீ இல்லையே.

நீ போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததைக் கேள். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை முதலாளி போன் செய்தார். நம் மெஷின் ஓடுவதில் பாதி அவருக்காகத்தான், உனக்கே தெரியும். "அக்கா, இனிமே பேப்பர் பில் வேணாம். கம்ப்யூட்டர் வழியா வரி இலாகாவுக்கும் போகுமே, அந்த இ-இன்வாய்ஸ் குடுங்க. மாசக் கடைசிக்குள்ள முடியலன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். கோச்சுக்காதீங்க லா" என்றார். உன் மகளிடம் ஓடினேன். "நம்மள மாதிரிச் சின்னக் கடைக்குக் கட்டாயம் இல்ல சின்னம்மா. ஆனா அவருக்கு வேணும்னா நாம அதுல சேர்ந்துதான் ஆகணும்" என்றாள். அவர் போனால் மில் போச்சு. எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான்.

அரைப்பது நான், எழுதுவது நீ. மேரு கையுறைத் தொழிற்சாலையை இரண்டு பேரும் ஒரே நாளில் விட்டுவிட்டு வந்து, கிள்ளானில் இந்த மெஷினைப் போட்டபோதே அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். முதல் நாளே மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் கடை வாசல் அஞ்சடி நடைபாதை முழுக்கக் குதித்தேன். எனக்குச் சாமி வந்துவிட்டது என்று பக்கத்துக் கடைச் சீனத்து ஆன்டி கும்பிட்டாள். நீ ஒரு வாளித் தண்ணீரை என் மூஞ்சியில் ஊற்றி, "கண்ணத் தொடாதேடி!" என்று கத்தினாய். அப்புறம் தினமும் கத்தினாய். மிளகாயே அரைக்காத நாளிலும், உளுந்து அரைக்கும்போதும்.

சரி, நீ கணக்கு எழுதின நோட்டுக்கு வருகிறேன். அதில் ஒரு வாடிக்கைக்காரருக்காவது ஐசியில், அடையாள அட்டையில், இருக்கிற பெயரைப் போட்டிருக்கிறாயா? 'கேரி தீவு மீசை.' 'தும்மல் ஆன்டி.' 'ரெண்டு தரம் நிறுக்கச் சொல்றவர்.'

"சின்னம்மா, இது யாரு, 'கல்யாணத்துக்குக் கூப்பிடாதவ'?"

"உங்க அத்தைதான்மா."

அரை மணி நேரம் அவள் வேலையே செய்யவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தாள். நீ போனதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"நீங்களே பழகணும்" என்று பழகிப் பார்க்க ஒரு வெறும் பில் படிவத்தைப் போனில் திறந்து கொடுத்துவிட்டு அவள் டீ வாங்கப் போனாள். நான் ஒற்றை விரலால், உன் நோட்டைப் பார்த்துப் பார்த்து, எழுத்துக் கூட்டி அடித்தேன். சரிபார்க்கச் சொல்லி முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டேன். அவளுக்குக் காட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம். பெருமை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, எடை சரி. விலையும் சரி."

"சந்தோஷம் பாஸ்."

"பேருதான் 'வழுக்கை பாஸ்'னு இருக்கு."

மெஷினுக்குள் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. "ஐயோ, அது நான் வெக்கல பாஸ். போனவ வெச்ச பேரு!" என்று உன்மேல் பழியைப் போட்டேன். நீதான் மறுத்துப் பேச மாட்டாய். போச்சு, மில் போச்சு என்று நினைத்தேன்.

"அவங்க எழுதுற காலத்துல எனக்கு முடி இருந்துச்சேக்கா" என்றார் அவர். "முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுச்சு?"

சிரித்துவிட்டுக் கம்பெனிப் பெயரையும் வரி நம்பரையும் அனுப்பி வைத்தார்.

இன்று மதியம்தான் பெரிய வேலை. என்னை வரி இலாகாவில் பதிய வேண்டும் என்று உன் மகள் என் ஐசி நம்பரை அடித்தாள்.

"சின்னம்மா, நீங்க ஏற்கெனவே பதிஞ்சிருக்கீங்க."

"நானா? எனக்கு அந்தப் பக்கமே தெரியாதும்மா."

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. நீ முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம். "எதுக்குடி வரி ஆபீசுக்கு?" என்று கேட்டேன். "பேசாம வா, கறிபாப் வாங்கித் தர்றேன்" என்றாய். நான் கறிபாப்புக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். நீ எதற்குப் போட வைத்தாய் என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

வரி இலாகா தளத்துக்கு உள்ளே விடுவதற்கு முன்னால் திரை ஒரு வாசகத்தைக் காட்டுமாம். பதியும்போது நாம் கொடுத்த வாசகம். நம்முடையதுதான் என்றால் 'ஆம்' என்று அமுக்க வேண்டுமாம். ஆங்கில எழுத்தில் இருந்ததை உன் மகள் மெதுவாகக் கூட்டிப் படித்தாள்.

"கண்ணத் தொடாதேடி."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "இது உங்களோடதான்னு கேக்குது சின்னம்மா" என்றாள்.

காலையில்தான் மிளகாய் அரைத்திருந்தேன். கை தானாகக் கண்ணுக்குப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. கண்ணீர் அது பாட்டுக்குத் தாடைவரை ஓடியது, நான் தொடவில்லை. உன் மகள்தான் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள்.

'ஆம்' என்று நானே அமுக்கினேன். அடுத்துக் கடவுச்சொல் கேட்டது. அவள் உன் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். என் பேருக்குப் பக்கத்தில் எழுத்தும் நம்பருமாக நீ எழுதி வைத்திருந்தாயே, அதுதானாம். அதிலிருந்த நாலு நம்பரை நான் லாட்டரி நம்பர் கடையில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் அடிக்கவில்லை என்று உன்னைத் திட்டியிருக்கிறேன்.

முதல் பில் போய்விட்டது. "ஓகே லாக்கா, அடுத்த வாரம் மிளகாய்த்தூள் கூடுதலா வேணும்" என்று பதில் வந்தது.

"வாசகத்த மாத்திக்கலாம் சின்னம்மா, வேற ஏதாவது போடவா?" என்று உன் மகள் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். இனிமேல் ஒவ்வொரு பில்லுக்கும் உள்ளே போகும்போது நீ ஒரு தடவை கத்துவாய். கத்து. உளுந்து அரைத்த நாளிலும் கத்து.