முன்கதவுக்குப் படி இல்லாத வீடு

ஜூன் 16

கூடாரம் ஏழு, அடுப்பு இரண்டு, பூச்சிவலைத் தொப்பி பதினான்கு. எல்லாம் வேனில் ஏறிவிட்டது. நாளை முதல் ஒன்பது நாள். பறவையும் திமிங்கிலமும் பார்க்க நியூஃபவுண்ட்லாந்துக்கு வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். வழிநடத்துவது க்ரெய்க், ஒன்டாரியோக்காரர், ஆறு வருடமாக இந்தத் தீவில் இதே வேலை. நான் உதவியாள். சமைக்க வேண்டும், கூடாரம் அடிக்க வேண்டும், பறவைகளின் பெயர் சொல்ல வேண்டும். உயிரியல் பட்டம் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளியையே முடித்தது நான் ஒருத்திதான்.

க்ரெய்க் பயணத் தாளை நீட்டினார். ஏழாம் நாள், பறவைப் பாறைக்குப் படகு. பழைய படகுக்காரருக்கு முட்டி போய்விட்டதாம், இந்த வருடம் புது ஆள். பெயரைப் பார்த்தேன். ஆம்ப்ரோஸ் பார்டி, லான்டர்ன் கோவ்.

அப்பா.

"உன் பேரும் பார்டிதானே? சொந்தமா?"

"அந்தக் கரையில பார்டிங்க நிறைய பேர்" என்றேன்.

பொய் இல்லை. உண்மையும் இல்லை.

ஜூன் 17

வேலைக்கு எழுதிப்போட்டபோது ஊர் என்ற இடத்தில் செயின்ட் ஜான்ஸ் என்று போட்டிருந்தேன். விடுதி முகவரிதானே. நேர்முகத்தில் அந்த அம்மா, "உங்க பேச்சு தெளிவா இருக்கு, விருந்தாளிகளுக்குப் புரியும்" என்று பாராட்டினாள். தலையாட்டினேன். அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு என்ன தெரியும். முதல் வருடம் ஆய்வகத்தில் எங்கள் ஊர்ப் பேச்சில் நான் வாய் திறந்ததும் பின்வரிசை சிரித்தது. அன்றிலிருந்து அறையில் ரேடியோவைப் போட்டுவிட்டு, செய்தி வாசிக்கிறவளோடு சேர்ந்து பேசிப் பேசிப் பழகினேன். நான்கு வருடம்.

ஜூன் 20

மழை. இரண்டு கூடாரம் காற்றில் படுத்துவிட்டன. ஈரச் சாக்ஸை அடுப்புக்கு மேல் தொங்கவிட்டதில் கஞ்சியில் ஒன்று விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் கரையோர ஊர்கள் வழியாகப் போனோம். மார்த்தா என்று ஒருவர் வந்திருக்கிறார், ஒட்டாவாவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டார்:

"ரோவீனா, இந்த வீட்டுக்கெல்லாம் முன்கதவு இருக்கு, படியே இல்லையே? திறந்தா நேரா கீழ விழ வேண்டியதுதானா?"

"முன்கதவை யாரும் திறக்க மாட்டாங்க. எல்லாரும் பின்பக்கமா சமையலறைக்குள்ள வந்துடுவாங்க. தட்டக்கூட மாட்டாங்க. முன்கதவு பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்கும்தான்."

"அப்ப பாதிரியார் எப்படி ஏறுவார்?"

"விசுவாசத்துல" என்றார் க்ரெய்க்.

வேனே சிரித்தது. இறங்கி ஒவ்வொரு கதவாகப் படம் எடுத்தார்கள். எங்கள் வீடும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். "அது அவங்க வழக்கம்" என்றேன்.

அவங்க.

ஜூன் 23

எழுதியே ஆகவேண்டும்.

காலை ஒன்பது மணிக்குத் துறையில் நின்றோம். அப்பா படகில் நின்றுகொண்டிருந்தார். ஆரஞ்சு ரப்பர் கால்சட்டை, அதே தொப்பி. நான் இந்தக் கூட்டத்தோடு வருகிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஒரு பறவைக் கம்பெனி என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே விரிந்தது. நான் குனிந்து என் பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன். கட்டியிருந்த கயிறுதான்.

படகில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் அவர் எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்பதைக் கேட்டார். நீ யாரு பிள்ளை?

"வாங்க, வாங்க. மெள்ள எறங்குங்க. நீங்க யாரு மவன்?"

தாடிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஹெரால்டோட மகன்" என்றார்.

"நல்ல பேரு. அவரு எங்ஙன மீன் பிடிக்காரு?"

"அவர் பல் டாக்டர்."

"அதுவுஞ் சங்கடந்தான். மீனாவது கடிக்காது."

அவர் பேசியதில் பாதி அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வரிசையாகத் தங்கள் அப்பா பெயர்களைச் சொன்னார்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி. மார்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்; அப்பா பெயரைச் சொல்லியே இருபது வருடம் ஆகிறதாம்.

கடைசியில் நான்.

அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். ரெண்டு வார்த்தைதான் சொல்லணும். 'உம்ம மவ'ன்னு எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லிட்டு எறங்கியிருக்கலாம். வாய் வரல. க்ரெய்க் பின்னாலிருந்து, "இவ நம்ம ரோவீனா, செயின்ட் ஜான்ஸ் பொண்ணு. யுனிவர்சிட்டியில படிச்சவ" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு அலை வந்து படகு ஏறி இறங்குகிற நேரம்.

"அப்படியா. நல்லது. வழுக்கும், பாத்து எறங்குங்க மிஸ்."

மிஸ்.

மார்த்தா படகின் முகப்பைக் காட்டி, "பாருங்க, படகுக்கும் ரோவீனான்னு பேரு" என்றார். எங்கள் பக்கம் படகுக்கு மகள் பெயரைத்தான் வைப்பார்கள். அப்பா இயந்திரத்தைக் கிளப்பிக்கொண்டே, "இந்தக் கரையில பாதிப் பொம்பளையளுக்கு அந்தப் பேருதான்" என்றார்.

பாறைக்குக் கீழே அவர் பேசப் பேச, "என்ன சொல்றார், என்ன சொல்றார்?" என்று என்னைக் கேட்டார்கள். பஃபின் பறவையின் மூக்கைப் பற்றி, எந்தக் காற்றுக்குக் கேப்லின் மீன் கரையேறும் என்பதைப் பற்றி. எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவரின் பேச்சை வேற்று ஆள் பேச்சைப் போல மொழிபெயர்த்தேன். "எப்படிப் புரியுது உங்களுக்கு?" என்று தாடிக்காரர் ஆச்சரியப்பட்டார்.

"பழக்கம்" என்றேன்.

ஜூன் 26

வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். எப்போதும் போல ஒரே வரி: "இந்தா, அம்மாட்ட பேசு." அவர் போனில் பேசுகிறவர் இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மாவிடம் அவர் நடந்ததைச் சொல்லவில்லை போலிருக்கிறது. "துறையில ஒன்னயப் பாத்தாராமே. மெலிஞ்சிட்டாள்னாரு. ஏட்டி, அங்க என்னத்தத் திங்க?"

ஜூலை 20

மேற்குப் பக்கப் பயணம் முடிந்து மறுபடி இந்தப் பாதை. நாளை படகு. இந்தத் தடவை சொல்லிவிடுவேன். சூப்பைக் கிண்டிக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். "இவர் என் அப்பா." மூன்று வார்த்தை. சூப் அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 21

படகின் முகப்பில் பெயர் இல்லை. அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட், மற்ற வெள்ளையைவிடப் புதிது.

நான் சொல்ல வந்ததெல்லாம் அதைப் பார்த்ததும் போய்விட்டது.

அப்பா துணியில் சுற்றி ஒரு ரொட்டி கொண்டுவந்திருந்தார். "மிஸ், இது எங்க வீட்டுக்காரி சுட்டது. எல்லாருக்கும் குடுங்க." அம்மாவின் நீலக் கட்டம் போட்ட துணி. ஓரத்தில் இருந்த கிழிசலை நான்தான் தைத்தேன், பதினோரு வயதில். வெட்டிக் கொடுத்தேன். நுனித் துண்டை எனக்கு வைத்துக்கொண்டேன். அவர் பார்த்தார். நான் எப்போதும் நுனித் துண்டுக்குத்தான் சண்டை போடுவேன்.

ஒரு பெண் அவரைக் கேட்டாள், பிள்ளைகள் உண்டா என்று.

"ஒரே மவ. பெரிய படிப்பு. டவுன்ல இருக்கா. இந்தப் பக்கம் வர அவளுக்கு எங்க நேரம்."

"என்ன சொல்றார்?"

சொன்னேன். என் குரலில், ரேடியோக்காரியின் குரலில். "ஒரு மகள் இருக்கிறாராம். நகரத்தில்."

ஆகஸ்ட் 3

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 11

சதுப்பு நிலத்தில் பேக்கப்பிள் பழுத்துவிட்டது. கூட்டத்துக்குக் காட்டினேன், ஆளுக்கு நான்கு பழம். உலகத்திலேயே ருசியான பழம் என்றார் ஒருவர். அப்பாவும் அம்மாவும் இந்நேரம் வாளியோடு போயிருப்பார்கள். அந்த இடம் எங்கே என்று அப்பா அவருடைய தம்பிக்குக்கூடச் சொன்னதில்லை. எனக்கு மட்டும்தான் காட்டியிருக்கிறார்.

ஆகஸ்ட் 26

சொல்லிவிட்டேன்.

இந்தப் பாதையில் இதுதான் கடைசிப் பயணம். துறையில் ஏறும்போதே க்ரெய்க் எல்லாருக்கும் ஒரு சேதி சொன்னார். அடுத்த வருடம் ஒரு கூட்டத்தை நானே வழிநடத்தப் போகிறேனாம், கம்பெனி முடிவு செய்துவிட்டதாம். கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார், கையுறையைக் கழற்றிவிட்டு.

பாறையில் பாதிப் பறவைகள் போய்விட்டன. கன்னெட் பறவைகள் மட்டும் வெள்ளையாக அடைந்திருந்தன. அவர் இயந்திரத்தை நிறுத்தினார். பறவைச் சத்தமும் அலையும்தான். எழுந்து நின்றேன். கன்னெட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று எல்லாரும் காமிராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இவர் என் அப்பா. இது என் ஊர். இந்தப் படகுக்கு என் பேர்தான் இருந்தது."

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அப்பா சுக்கானைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு க்ரெய்க்கைப் பார்த்தார். பிறகு சிரித்தார், துறையில் எல்லாருக்கும் சிரிக்கிற சிரிப்பு.

"மிஸ் சும்மா சொல்லுதாவ. எங்க ஊரு கேலி அவியளுக்கும் ஒட்டிக்கிட்டு. எனக்கு இப்படியொரு மவ இருந்தா, மொத நாளே சொல்லியிருப்பாள்லா."

"என்ன சொல்றார்?" பின்னாலிருந்து ஒருவர். "ரோவீனா, அவர் என்ன சொல்றார்?"

பத்துப் பன்னிரண்டு முகம். நான் என்ன செய்வேன், அதுதானே என் வேலை.

"நான் விளையாட்டுக்குச் சொல்றேனாம். இந்த ஊர்க் கேலி எனக்கும் ஒட்டிக்கிச்சாம்."

சிரித்தார்கள். நல்ல மனசோடுதான் சிரித்தார்கள். கடைசி வரியை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர் இயந்திரத்தைக் கிளப்பினார்.

ஆகஸ்ட் 27

பாத்திரம் கழுவும்போது க்ரெய்க் பக்கத்தில் வந்து துடைக்கத் துணி எடுத்தார்.

"அது கேலி இல்லதானே?"

"இல்ல."

"முதல் பயணத்துல படகு பேரைப் பார்த்தப்பவே நினைச்சேன். சொல்ல வேண்டிய நேரத்துல நீயே சொல்லுவேன்னு விட்டுட்டேன்." ஒரு தட்டைத் துடைத்து முடித்தார். "ஏன் சொல்லல? எங்களுக்கு அதுல ஒண்ணுமே இல்லையே, ரோவீனா."

ஒண்ணுமே இல்லையாம். அப்ப எதுக்கு? யாருக்குப் பயந்தேன்? பின்வரிசையில ரெண்டு பேர் சிரிச்சதுக்கா? அவங்க பேருகூட எனக்கு ஞாபகம் இல்ல.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார்? என் வேலை போய்விடும் என்று பயந்தாரா? அப்படித்தான் இருக்கும். க்ரெய்க் பக்கம் பார்த்தாரே. அப்படித்தான் இருக்கட்டும்.

செப்டம்பர் 4

போன் செய்தேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதாங் கேட்டேன், பேர ஏன் அழிச்சீருன்னு. பூச்சு உரிஞ்சிட்டுன்னாரு" என்றாள்.

அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டாள். படகுக் கொட்டகையில் வேலையாக இருக்கிறாராம். ஒரு வாரமாகப் பலகை அறுக்கிறாராம், என்ன செய்கிறார் என்று கேட்டால் சொல்வதில்லையாம்.

செப்டம்பர் 19

கூடாரங்களைக் கழுவிக் காயவைத்துக் கட்டிவிட்டோம். ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் மணல் கொட்டியது. எந்தக் கடற்கரை மணல் எது என்று இப்போது சொல்ல முடியாது.

அக்டோபர் 9

நன்றி நாள் விடுமுறை. வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

டாக்ஸி வேன் என்னைச் சாலையில் இறக்கிவிட்டுப் போனது. வழியெல்லாம் பின்கதவை நினைத்துக்கொண்டு வந்தேன். தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போவேன், அவர் அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருப்பார், காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எங்கள் பேச்சிலேயே சொல்லிவிடுவேன் என்று.

வீட்டு முன்கதவுக்குப் படி இருந்தது.

புதுப் பலகை, ஐந்து படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. வர்ணம் இன்னும் அடிக்கவில்லை. இந்த வீடு கட்டி நாற்பத்திரண்டு வருடம், தாத்தாவின் சவப்பெட்டியைக்கூடத் தோளில் தூக்கித்தான் இறக்கினார்கள். பின்பக்கம் போகத் திரும்பினேன். முன்கதவு உள்ளேயிருந்து முட்டியது. ஈரத்தில் ஊதிப்போன கதவு. அப்பா தோளைக் கொடுத்துத் திறந்தார். கோயிலுக்குப் போடுகிற சட்டை போட்டிருந்தார்.

"இந்தப் பக்கமா வா. ஒனக்குன்னுதான் அடிச்சது. பின்னால சேறு, ஒஞ் செருப்பு கெட்டுப்போவும்."

கேலி செய்கிறாரா என்று முகத்தைத் தேடினேன். இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், முடிந்திருக்கும். கேலி இல்லை. கைப்பிடியைத் தடவிக் காட்டினார். "ஒரு ஆணி வெளிய தெரியாது, பாரு."

"நல்லா இருக்குப்பா."

சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்: "ஆம்ப்ரோஸ், முன்கதவுல யாரு? பாதிரியாரா?"

அப்பா வாசலை விட்டு ஒதுங்கி நின்று என்னைப் பார்த்தார். அன்று படகில் கையை நீட்டிக்கொண்டு நின்றது போலவே.

"ஆம்ப்ரோஸ் மவ, அம்மா" என்றேன். "ஒம் மவ."

அவர் தலையை ஆட்டினார். என் பையை வாங்கிக்கொண்டார்.

படிகள் ஆடவில்லை. காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். யாரும் உட்காராத முன்னறையில் கணப்பு மூட்டியிருந்தது. மேசையில் விருந்தாளிகளுக்கு எடுக்கிற தங்க விளிம்புக் கோப்பை. ஒன்றே ஒன்று.