ஒரே பெயர், ஒரே வீடு, இரண்டு அட்டைகள்

நேற்றுக் காலை லேமினேஷன் மெஷினிலிருந்து, கழுத்தில் மாட்டும் உன் விழா அட்டை சூடாக வந்து விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பாயே, அந்தப் படம்தான். பிளாஸ்டிக் வாசனையோடு உன்னைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, உன் அண்ணன் மகளின் அட்டையைக் காணோம் என்று. அவளுக்கு உன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சாமை விழாவுக்கு முதல் முறையாக வருகிறாள்.

"கைக்கொழந்தைக்கும் அட்டை போடணும்டி" என்று அடம் பிடித்தவளே நீதான்.

உங்கள் மலையின் நெல்லிவாசல்நாட்டிலிருந்து விழாவுக்கு வருகிறவர்களை வருடாவருடம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் சேர்த்துக்கொண்டே போனோம். அதனால் ஒருவரே பல தடவை இருப்பார். அட்டையோ ஆளுக்கு ஒன்றுதான். கோப்பிலிருந்து அட்டைகளை எடுத்துத் தரும் எக்ஸ்எஸ்எல்டி நிரலில் நீ ஒரு விதி எழுதினாய்: ஒரே பெயர் திரும்ப வந்தால் முதலில் இருப்பதை மட்டும் எடு, மீதியை விடு. அப்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பெருமை!

மூத்த பெண்ணுக்கு அம்மன் பெயரை வைக்கிற ஊர்க்காரி நீ. அது எப்படியடி மறந்துபோனது? அந்த வருடம் உன்னோடு அந்தப் பெயர்க்காரிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அட்டைதான் வந்தது. அதுவும் பக்கத்து வீட்டம்மா கழுத்தில். சாமைக் கூடையோடு உன் அம்மா விழா வாசலிலேயே உன்னைப் பிடித்துக்கொண்டார்: "இன்னாடி, ஒன் பேரு அட்ட அவ கழுத்துல தொங்குது, பக்கத்து வூட்டுக்காரிதான் ஒன்ன பெத்தாளா?"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ அங்கேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாய். "பேரோட வூட்டையும் சேத்துப் பாக்கணும்டி. இல்லாட்டி பாதி மலையே காணாமப் போய்டும்."

அதற்குப் பிறகு அந்த விதி பிசகியதே இல்லை. நேற்றுதான் மாட்டிக்கொண்டது. அதே பெயர், அதே வீடு. கோப்பில் நீ முன்னால் இருக்கிறாய், குழந்தை பின்னால். உன்னை எடுத்துக்கொண்டு அவளை விட்டுவிட்டது.

நீதான் இப்போது உயிரோடு இல்லையே, உன் பதிவை அழித்தால் தீர்ந்தது. எனக்கு மனசு வரவில்லை, போடி. பெயரோடும் வீட்டோடும் பிறந்த வருடத்தையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். இரண்டு பேரும் வந்தீர்கள்.

இன்று உன் அம்மா மடியில் உட்கார்ந்து அவள் தன் அட்டையைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். உன்னுடையதை உன் அம்மாவிடம் நீட்டினேன். விரலால் ஒரு முறை துடைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒங்கிட்டயே இருக்கட்டும்மா. வருசா வருசம் அவளயும் கூட்டிகினு வா."

என் கழுத்தில், என் அட்டைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறாய்.