பதினோரு முறை வந்த விடை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்களுக்கும் அம்மாவுக்கும் சளி விட்டதா? நான் நலம், மண்டைதான் காய்கிறது.

ஒரே தொகையிடல் கணக்கோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். புத்தகத்தின் கடைசியில் கொசைனில் விடை இருக்கிறது. எனக்குப் பதினோரு முறையும் சைன் வர்க்கம்தான் வந்தது. ஆத்திரத்தில் அத்தனை தாளையும் கிழித்துவிட்டேன். இன்று கணக்கு டீச்சரிடம் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதாம்மா. மாறிலியில மட்டும்தான் வித்தியாசம். இதுக்குப் போய் கிழிச்சியா?" என்கிறார். எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

நாளை வகைக்கெழுச் சமன்பாடுகள் தொடங்குகின்றன. போட்டுப் பார்க்கத் தாள் இல்லை. புதிது வாங்க வேண்டாம். அம்மா எழுதிய பழைய மளிகைச் சீட்டுகளை அனுப்புங்கள், பின்பக்கம் போதும். அவற்றை எத்தனை தப்பு வந்தாலும் கிழிக்கமாட்டேன்.

வகுப்பு மணி அடிக்கிறது.

உங்கள் மகள்