சும்மா கிடக்கும் புரோகிராம்

11 ஓகஸ்ட் 2025, வவுனியா

இன்றும் என் புரோகிராம் தோற்றது. கூடப் படிக்கும் றிஃப்னாவினுடையது ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றும் செய்யாமலே முன்னுக்கு நிற்கிறாள்!

கொழும்புக் கம்பனிக்கு வேண்டியது ஒரே ஒருவர். தங்கத்தைத் தானாக வாங்கி விற்கும் புரோகிராமை ஆளுக்கொன்றாக எழுதி, செப்டெம்பர் பன்னிரண்டு வரை பொய்க்காசில் ஓடவிட வேண்டும். நன்றாக ஓடுகிறவருக்கு வேலை, இந்தப் பயிற்சி நிலையத்தில் இருந்தபடியே. கிடைக்காவிட்டால் நான் கட்டாருக்கு வேலைக்குப் போகவேண்டும் என்று அண்ணா ஒற்றைக் காலில் நிற்கிறான்.

14 ஓகஸ்ட்

விலை சில காலம் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சில காலம் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். என்னுடையது இழுக்கும்போது பிழைக்கும்; நின்று ஆடும்போது ஒவ்வொரு ஏற்றத்தையும் நம்பி ஓடி அடிவாங்கும். அவளுடையது இரண்டையும் பிரித்தறிந்து, ஆடும் காலத்தில் படுத்துக்கொள்கிறது.

றிஃப்னா பொறுமைசாலி என்று படிப்பிக்கிற சேர் எல்லோர் முன்னாலும் சொன்னார். வயிறு எரிந்தது. பொறுமையாம்! தகப்பன் நெல் வியாபாரி. விலை ஏறும்வரை மூட்டையை அடுக்கிவைத்துக் காத்திருப்பது வீட்டிலேயே பழகியிருக்கும். எங்கள் ஊர் முரசுமோட்டையில் நாங்கள் அறுத்த கையோடு, காயவைக்காமல் பச்சை நெல்லாகவே விற்றுவிடுகிறவர்கள்.

19 ஓகஸ்ட்

றிஃப்னா வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தாள். நல்ல ருசி. அதுவும் எரிச்சல்.

22 ஓகஸ்ட்

மதியம் தொழப் போனவள் கணினியை மூடவில்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டது — இல்லை, எழுந்து போய்த்தான் பார்த்தேன். ஒரே ஒரு வரி. விலை வரைபடத்தின் கடைசிப் பத்துக் கட்டத்துக்குள் விலை அறுபது டொலர் மேலே நகர்ந்திருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் படு. இவ்வளவுதானா?

இடையில் ஒரு தடவைதான் மாற்றலாம் என்பது கம்பனியின் விதி. அவளுடைய வரியை என்னுடையதில் போட்டு மாற்றிவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தேன்.

27 ஓகஸ்ட்

என்னுடையதும் படுத்திருக்கிறது. நட்டமில்லை. சேர் முதுகில் தட்டினார். றிஃப்னாவின் முகத்தைப் பார்த்தேன். சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள்?

3 செப்டெம்பர்

தங்கம் ஏறிக்கொண்டே போகிறது. அவளுடையது போன வெள்ளியே வாங்கிவிட்டது. என்னுடையது இன்னும் படுக்கை. எழும்படா! அதே வரி, அதே அறுபது. அவளுக்கு வேலை செய்யுது, எனக்கு ஏன் செய்யேல்ல?

5 செப்டெம்பர்

மாற்றுவதற்கு முன்னிருந்த என் புரோகிராமை இந்த விலைகளில் ஓட்டிப் பார்த்தேன். தொட்டதெல்லாம் வென்றிருக்கும். அவளையும் முந்தியிருக்கும். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

12 செப்டெம்பர்

றிஃப்னாவுக்குத்தான் வேலை. வாழ்த்துச் சொன்னேன். வாயால் மட்டும்.

15 செப்டெம்பர்

அவளுக்குக் கீழே ஓர் உதவியாளர் வைக்கலாமாம். என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். விலை ஏறும் நேரத்தில் என் புரோகிராம் ஏன் படுத்தது என்று பார்க்க இன்று வந்தாள். திறந்து காட்டினேன். வேறு வழி?

அந்த அறுபதில் வந்து நின்றாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ர வரைபடத்தில ஒரு கட்டம் ஒரு நாள், கிருபன். உங்கட கட்டம் அஞ்சு நிமிசம். பத்துக் கட்டமெண்டா ஒரு மணித்தியாலமும் வராது. அதுக்குள்ள தங்கம் எப்பிடி அறுபது டொலர் நகரும்?"

அந்த எண்ணை எங்கே எடுத்தேன் என்று அவள் கேட்கவில்லை.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்" என்றாள்.

கோபமே இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்து, ஐந்து நிமிடக் கட்டத்துக்கு எந்த எண் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

அவளுக்குக் கீழே வேலை செய்ய ஓம் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் யாராவது இப்படித் திருடியிருந்தால் பக்கத்தில் போய் இருந்திருப்பேனா? மாட்டேன். அவளால் முடிகிறது. அதைப் பார்க்கவும் பொறாமையாகத்தான் இருக்கிறது.