ஐந்தரை மணிக்கு நீ கேட்கும் கேள்வி

கடைக்கு இன்று புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மூலையில் இருந்த நம் பழைய பெட்டி போன வாரம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எப்படியோ காப்பாற்றி இதில் மாட்டிக் கொடுத்துவிட்டு மெக்கானிக் போனார். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் நம் ப்ரோகிராமைத் திறந்தேன். திரையின் ஓரத்தில் சிவப்பாக ஓர் அறிவிப்பு எழும்பியது. ஆபத்தான ஒரு ஃபைலை ஆன்டிவைரஸ் பிடித்து வைத்திருக்கிறதாம். பார்த்தால், நீ எழுதிய ஃபைல். எழுதியவர் யார் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று இருந்தது. நீக்கவா, அனுமதிக்கவா என்று கீழே இரண்டு பட்டன்கள்.

தெரியவில்லையாம்! செஞ்சி பஸ் ஸ்டாண்டில் எந்தக் கடையில் கேட்டாலும் உன்னைச் சொல்வார்களே. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் இதே கேள்விக்கு ஒருமுறை நானே தப்பாகப் பதில் சொன்னவள்தானே? மவுஸைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

நீ அவலூர்பேட்டையிலிருந்தும் நான் மேல்சித்தாமூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து இந்தக் கடையைத் திறந்த முதல் வருஷம் உனக்கு நினைவிருக்குமா? யு.பி.எஸ். வாங்க வக்கில்லை. கரண்ட் போகும்போதெல்லாம் பாதி அடித்த பத்திரிகை காணாமல் போகும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக சேவ் செய்யும் அறிவு அந்தப் பழைய ப்ரோகிராமுக்குக் கிடையாது. நான் அழுவேன், நீ சிரிப்பாய்.

"எழுதுனவன் வந்து நமக்குன்னு மாத்தித் தரப்போறானா இன்னா? நாமளே உள்ள பூந்துட வேண்டியதுதான்க்கா" என்றாய்.

பூட்டிய வீட்டுக்குள் எப்படிப் போவாய் என்று கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நான் எழுதுனது ஒரு லைப்ரரி. தனியா அதுக்கு ஓடத் தெரியாது, வேற ப்ரோகிராம் கூப்ட்டாத்தான் உயிர் வரும். நம்ம ப்ரோகிராமுக்கு அத யாருன்னே தெரியாது, எப்டிக் கூப்புடும்? அதனால மொதல்ல விண்டோஸ்கிட்ட கேட்டு அந்த ப்ரோகிராமோட மெமரில கொஞ்சூண்டு எடம் வாங்கறேன். அந்த எடத்துல ஒரு சீட்டு எழுதி வெக்கறேன், என் லைப்ரரி எங்க இருக்குதுன்னு. அப்புறம் அதுக்குள்ளயே ஒரு ஆளக் கெளப்பி, இந்தச் சீட்டப் படிச்சி இவளக் கூப்புடுன்றேன். அவ்ளோதான். கூப்ட்டது அந்த வூட்டு ஆளு. அதனால உள்ள போனவளும் அந்த வூட்டுக்காரி மாதிரியே பொழங்கலாம்."

அன்றிலிருந்து ப்ரோகிராம் திறந்தவுடன் உன் லைப்ரரியும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளிருந்தே சேவ் செய்யச் சொல்லும். ப்ரோகிராமும் தானே நினைத்துக்கொண்டதுபோலச் செய்யும்.

ஒன்றை மட்டும் நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். "வைரஸும் இதே வழியாத்தான்க்கா உள்ள வரும். நான் நல்லவளா திருடியான்னு ஆன்டிவைரஸுக்கு எப்டித் தெரியும்? இவ நம்ம பொண்ணுதான்னு நீ ஒரு வார்த்த அதுல பதிஞ்சி வையி." இரண்டு நிமிஷ வேலை. நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளினேன்.

சமணர்களான நாங்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. முகூர்த்த மாதங்களில் வேலை மும்முரத்தில் நான் அதை மறந்துவிட்டு, காலைவரை பட்டினி கிடந்து தலைவலியோடு வருவேன். உனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சரியாக ஐந்தரை மணிக்கு, நான் அடித்துக்கொண்டிருந்த பத்திரிகையின் நடுவே ஒரு பெட்டி வந்து நின்றது. 'பொழுது சாயுது. சாப்டியாக்கா?' 'சாப்ட்டேன்' என்று ஒரு பட்டன், 'இல்ல' என்று ஒரு பட்டன். இல்ல என்றால் கால் மணி நேரம் ப்ரோகிராம் அசையாது, எழுந்துபோய்ச் சாப்பிட வேண்டும். நான் முதல் நாளே தேறிவிட்டேன். டப்பாவைத் திறக்காமலே 'சாப்ட்டேன்' என்று அழுத்தினேன். "பொய் சொல்றவங்களுக்கு அடுத்த தபா ஆப்பு வெக்கறேன் இரு" என்று சிரித்தாய். அடுத்த தபா வரவேயில்லை.

அந்த ஆவணியில், கடையிலிருந்த இன்னொரு பெரிய கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எட்டுக் கல்யாணத்தின் பத்திரிகைகள். ஆன்டிவைரஸை ஓடவிட்டதும் அது முதலில் காட்டியது உன் லைப்ரரியைத்தான். நாலு கல்யாண வீட்டுக்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் மேலாவது பழியைப் போட வேண்டியிருந்தது. உன் மேல் போட்டேன்.

"அந்த மூலப் பொட்டிலயும் அதேதான்க்கா இருக்குது. அது நல்லாத்தான ஓடுது?" என்றாய் மெதுவாக.

"பேசாத. கள்ளத்தனமா உள்ள பூர்றதே ஒனக்குப் பொழப்பாப் போச்சு" என்றேன்.

நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாய்.

பத்தாம் நாள் உண்மை தெரிந்தது. ஒருவர் கொண்டுவந்த பென் டிரைவில் இருந்து வந்த வைரஸ் அது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதென்று அன்று ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, அந்தப் பென் டிரைவை என் கையாலேயே செருகியிருந்தேன். தினமும் போனை எடுப்பேன், வைப்பேன். எந்த முகத்தோடு பேசுவது? நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்றார்கள். எட்டு மாதம் போயிற்று. அப்புறம் நாலே நாள் காய்ச்சலில் நீயே போய்விட்டாய்.

உன் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரை நான்தான் அடித்தேன், தெரியுமா? உன் நைனாவே கடைக்கு வந்தார். "எம் பொண்ணு இருந்த கடையத் தவுத்து வேற எடத்துல குடுக்க மனசு வர்லம்மா" என்றார். மூலைப் பெட்டியில் உட்கார்ந்தேன். உன் போட்டோவை வைத்து, பெயரை அடிக்கும்போது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது எல்லாம் அப்படியே இருந்தது. உன் போஸ்டரையும் நீயே சேவ் செய்து வைத்திருந்தாய்.

ஐந்தரைக்கு உன் முகத்தின் மேல் அந்தப் பெட்டி வந்தது. நைனா எழுத்துக்கூட்டிப் படித்தார். "சாய்ந்தரமானா போன்ல இதத்தாம்மா சொல்லுவா. அக்கா இந்நேரம் சாப்ட்டிருக்கும்னு" என்றார். பிறகு, "கடையில வேல கம்மியாயிடிச்சின்னுதான மெட்ராஸ் போனா?" என்று கேட்டார்.

நீ என்னைக் காட்டிக்கொடுக்கவேயில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம் நைனா" என்றேன். அன்றைக்கும் 'சாப்ட்டேன்' பட்டனைத்தான் அழுத்தினேன்.

இன்று 'அனுமதி' என்று அழுத்தினேன். இவ நம்ம பொண்ணுதான் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன், கேட்க நீ இல்லாதபோது. உன் லைப்ரரி உள்ளே போய் உட்கார்ந்தது. ஐந்தரை மணிக்குக் கேட்டாய். முதல் முறையாக 'இல்ல' என்று அழுத்தினேன். திரை அசையாமல் நின்றது. டப்பாவைத் திறந்தேன். தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது. டப்பாவை மூடி வைத்தேன்.

காலையில் முதல் பஸ்ஸுக்கு அவலூர்பேட்டை போகிறேன். வேலை கம்மியாகி நீ போகவில்லை, நாலு பேர் எதிரில் பழிபோட்டு உன்னை விரட்டியவள் நான் என்று நைனாவிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அவர் வீட்டில் ஒரு வாய் சோறு கொடுத்தால் சாப்பிடுவேன். கொடுக்காவிட்டால், சாயங்காலம் நீ கேட்கும்போது இல்லை என்று உண்மையைச் சொல்வேன்.