கண்ணாடி போட்ட தீர்ப்பு

மில்பரோ, ஒஹாயோ
28 ஆகஸ்ட் 1850

என் பிரியமான ஓபெட்,

இங்கே நலம். நீங்கள் அனுப்பிய டர்னிப் விதைப் பொட்டலங்களை வாக்காளர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டேன். எதிர்வீட்டு மிஸஸ் க்ரோவ், "உங்க வீட்டுக்காரர் சபையில வாய் திறக்கிறாரோ இல்லையோ, விதை மட்டும் தவறாம வந்துடுது" என்கிறாள். சிரித்து வைத்தேன்.

பீப்பாய் செய்யும் சைரஸ் நேற்று வந்திருந்தார். கென்டக்கியில் அடிமையாக இருந்து தப்பி வந்த அவரைப் பிடிக்க வந்தவர்களிடமிருந்து எட்டு வருஷத்துக்கு முன் நீங்கள் வாதாடி மீட்டீர்களே, அந்தத் தீர்ப்பைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாராம். தப்பி வந்தவர்களைத் திருப்பி ஒப்படைக்கும் சட்டம் உங்கள் சபைக்கு வருகிறதாமே? "ஐயா அங்க இருக்கறப்போ எனக்கென்னம்மா பயம்?" என்றார். அந்த வழக்குதான் உங்களைக் காங்கிரஸுக்கு அனுப்பியது. எதிர்த்து வாக்களியுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

உங்கள் அன்பு மனைவி,
தர்சா

வாஷிங்டன்
14 செப்டம்பர் 1850

அன்புத் தர்சா,

சட்டம் நிறைவேறிவிட்டது. நான் அதை ஆதரிக்கவில்லை. ஜார்ஜியா உறுப்பினர் ஒருவர் அவசரமாக ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அவரோடு ஜோடி சேர்ந்துகொண்டேன். அவர் ஆதரவு, நான் எதிர்ப்பு. இருவருமே வாக்களிப்பதில்லை, கணக்கு நேர். இங்கே கண்ணியமானவர்களின் வழக்கம் இது. வாக்கெடுப்பின்போது நூலகத்தில் இருந்தேன்.

தெற்கத்தியர் மனம் வைத்தால் சபையின் நிலக் குழுவில் எனக்கு இடம் கிடைக்கும். அதனால் விடுமுறைக்கு வர இயலாது. இந்தச் சட்டம் எட்டாத இடம் என்று சைரஸ் கனடாவுக்கெல்லாம் ஓட வேண்டாம் என்று சொல். பழைய தீர்ப்பை யாரும் தொட மாட்டார்கள். வக்கீலாகச் சொல்கிறேன்.

உன்
ஓபெட்

மில்பரோ
9 டிசம்பர் 1850

ஓபெட்,

சைரஸைக் கொண்டுபோய்விட்டார்கள்.

கனடாவுக்கு மூட்டை கட்டியிருந்தவரிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டியவள் நான். "ஐயாவே எழுதிட்டார்னா சரிம்மா" என்று மூட்டையை அவிழ்த்தார். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

விசாரணை அரை மணி நேரம்கூட இல்லை. ஜூரி கிடையாது. அவர் தன் பக்கத்தைச் சொல்லவும் சட்டத்தில் இடமில்லையாம். அந்தத் தீர்ப்பைக் கண்ணாடியோடு தூக்கிக் காட்டினார். விசாரித்தவர் அதை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார். விலங்கு மாட்டும்போது சைரஸ் என்னைப் பார்த்து, "ஐயா வரலியாம்மா?" என்றார். நான் என்ன சொல்வது, நூலகத்தில் இருக்கிறார் என்றா?

கணக்கு நேர் என்று எழுதினீர்களே. அந்த ஜார்ஜியாக்காரர் வீட்டிலிருந்து யாரைக் கொண்டுபோனார்கள்? உங்களை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். தீர்ப்பு என்னிடம்தான் இருக்கிறது. சைரஸின் மனைவி அதை வீட்டில் வைக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

தபால் ஆபீஸில் நின்று இதை முடிக்கிறேன். "காங்கிரஸ்காரருக்குப் போற கடுதாசி சும்மாவே போகுமேம்மா, ஐயா பேரு போதுமே" என்கிறார் போஸ்ட்மாஸ்டர். பத்து சென்ட் கொடுத்து தபால்தலை வாங்கி ஒட்டுகிறேன். உங்கள் பெயரை நம்பி இனி நான் எதையும் அனுப்புவதாக இல்லை.

தர்சா